மூன்று அடுக்கில் மட்டும் தெரிந்தவன்

திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து நான் இல்லை. எழுத்து மூலமாகவே தெரிவித்திருந்தார்கள்.

மலைமேல் உள்ள மியூவான் ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை. விண்கதிர்கள் மேல்காற்றில் மோதும்போது பையான் என்ற துகள் உண்டாகி, அது சிதைந்து மியூவான் என்ற துகள் பிறக்கிறது. ஆயுள் சுமார் இரண்டு மைக்ரோ விநாடி. எங்கள் கொட்டகையில் கான்கிரீட்டுக்கு அடியில் நான்கு அடுக்காகக் குழாய்கள் உண்டு. நான்கிலும் தடம் விழுந்தால் மியூவான் வந்ததாக அர்த்தம். மூன்றில் மட்டும் விழுந்தால் அது வெறும் இரைச்சல்.

போன மாதம் இதே விதியை ஊழியர் வருகைக்கும் கொண்டுவந்தார்கள். நிர்வாகம் அறிவியல் மனப்பான்மை உள்ளது.

அன்று என்னைக் காவலாளி பார்த்தார். டீ மாஸ்டர் பார்த்தார். எழுத்தர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதுவும் செல்லும். நான்காவது அடுக்கு இயக்குநர் திலோத்தமை மேடம். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் அமலதாஸ். லீவு வேணும். கோயம்புத்தூர்ல என் மனைவிக்கு இன்னைக்குப் பிரசவம்."

"இரைச்சலுக்கு லீவு கிடையாதே" என்றார் காலண்டரிடம்.

"உங்க முன்னாடிதான் நிக்கறேன், மேடம்."

"எல்லா இரைச்சலும் அப்படித்தான் சொல்லுது."

ஆனாலும் இளகிய மனசுக்காரர். இருக்கிற மூன்று தடங்களை வைத்து என்னை மறுகட்டமைக்க உத்தரவிட்டார். எழுத்தர் வாசலிலும் டீக்கடையிலும் தன் மேசையிலும் ஆணி அடித்து நூல் கட்டினார். நூல் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. அதன்படி நான் தென்மேற்கு வானத்தில், பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தவன். தகப்பனார் பெயர் பையான்.

"எங்கப்பா பேரு சவரிமுத்து."

"அதுக்குத் தனி ஃபாரம்."

மேடம் கையெழுத்திட்டார். விடுப்பு: இரண்டு மைக்ரோ விநாடி.

"பத்தாது, மேடம்."

"மியூவான் எல்லாம் இந்த லீவுலதான் தரைவரைக்கும் வருது. வேகமாப் போறவங்களுக்கு நேரம் இழுபடும், மத்தவங்களுக்கு எப்பவும்போல ஓடும். போய்ப் பாருங்க."

ஓடினேன். கொண்டை ஊசி வளைவுகள் நிமிர்ந்து வழிவிட்டன. ஒரு பஸ்ஸின் ஹாரன் பாதியில் பின்தங்கியது. வீட்டுக் கதவைத் தட்டியபோது விடுப்பில் கால்வாசிகூடத் தீரவில்லை. மேடம் சொன்னது சரிதான்.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். என் மூக்கு. கழுத்தில் ஆறாம் வகுப்பு அடையாள அட்டை.

"யாருங்க வேணும்?"

"யாருடி அது?" என்று உள்ளேயிருந்து என் மனைவி பிலோமினாவின் குரல்.

"தெரியலம்மா. மூச்சு வாங்குது. அழுவறாரு."

"உக்கார வெச்சுத் தண்ணி குடு. மெதுவாக் குடிக்கச் சொல்லு."

உட்கார்ந்தேன். என்னால் முடிந்தவரை மெதுவாகக் குடித்தேன்.