எழுபதுக்கு முன் பிறந்தவர்

பிளோவ்திவ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றுக்கு ஸ்லாவ்சோ எழுதிக் கொடுத்த மென்பொருள் லினக்ஸ் கணினிகளில் பல வருஷம் ஒழுங்காக ஓடியது. மருத்துவமனை விண்டோஸுக்கு மாறியபோது, அதை அங்கேயும் ஓடவைக்கும் வேலையை மென்பொருள் கம்பெனி முதலாளி போய்கோ புதிதாகச் சேர்ந்த இவெலினாவிடம் கொடுத்தார். அவள் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

"இவ கை பட்டா எதுவும் ஓடும்ப்பா!" என்றார் போய்கோ, எல்லோர் முன்னாலும்.

ஸ்லாவ்சோவுக்கு வயிறு எரிந்தது. அவள் மாற்றியதை வரிவரியாகப் படித்தார். குறை தேடித்தான் படித்தார்; கிடைத்தது.

கணினி காலத்தை 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளாக எண்ணும். அதற்கு முந்தைய நாள் என்றால் கழித்தல் எண். லினக்ஸ் அதையும் தேதியாக மாற்றித் தரும். விண்டோஸில் அதே பெயருள்ள கட்டளை கையை விரித்துவிடும். இவெலினா சோதனைக்குப் பதிந்த நோயாளிகள் எல்லாம் அவள் வயசுக்காரர்கள், எழுபதுக்குப் பின் பிறந்தவர்கள். அதனால் அவள் கண்ணில் படவில்லை.

சொல்லியிருக்கலாம். மருத்துவமனையில் ஓட்டிக் காட்டும்போது டாக்டர் முன்னால் மூக்குடையட்டும் என்று ஸ்லாவ்சோ பேசாமல் இருந்துவிட்டார்.

மூவரும் அதைக் காட்டப் போன அன்று மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "புதுசா ஒருத்தரைப் பதிஞ்சு காட்டுங்க."

இவெலினா திரும்பினாள். "ஸ்லாவ்சோ அண்ணே, உங்களையே போடட்டுமா? நீங்க பெத்த பிள்ளைதானே இது. எந்த வருஷம் பொறந்தீங்க?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அறுபத்தஞ்சு."

அந்த வருஷத்தை அடித்ததும் திரை பட்டென்று மூடிக்கொண்டது.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவர் இன்னும் பொறக்கவே இல்லைங்குதே! பல்லு மட்டும் எப்படி முளைச்சுது?"

போய்கோவின் முகம் சிவந்தது. இவெலினா அங்கேயே உட்கார்ந்து தேடினாள். பிழை இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அண்ணே, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஸ்லாவ்சோ சுவரில் தொங்கிய பல் படத்தைப் பார்த்தார்.

"சரி, விடுங்க."

அந்தக் கட்டளையைத் தூக்கிவிட்டு, நாள் கணக்கைத் தானே போட்டு எழுதினாள். டாக்டர் காபி குடித்து முடிப்பதற்குள் ஸ்லாவ்சோ திரையில் பிறந்துவிட்டார்.

"பார்த்தியா? உட்கார்ந்த இடத்துலயே சரி பண்ணிட்டா!" என்று போய்கோ காரில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னிருக்கையில் இவெலினா ஸ்லாவ்சோவுக்கு முன்பே தெரியும் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் போட்டுக்கொடுத்திருந்தாலாவது திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம் என்று நினைத்தபடி ஸ்லாவ்சோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.