எந்த வாறேன்

ஊரின் கடைசி பெட்ரோல் பங்கில் மணலில் ஓட்டுவதற்காக டயர்களின் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, ரூஃபஸுக்கு அந்த விதியைச் சொன்னது நான்தான். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போகிறவன் நிற்க வேண்டும். பின்னால் வரும் வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும்.

"சரி வாத்தியாரே" என்றான்.

ரூஃபஸ் நாகர்கோவில்காரன். கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினில் என்னோடு அறையில் இருந்தவன். இப்போது அங்கேயே வீடு வாங்கிவிட்டான். நான் மார்ச்சில் நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டவன். மொஹாவே பாலைவனத்தில் மட்டும்தான் அவன் என் பின்னால் வர வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு ஜீப். அவனுடையது வாடகை. பதினோரு மணிக்கு வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். எஞ்சின் சூடாகிறது, தண்ணீரும் குறைகிறது, திரும்பிவிடலாம் என்றான். இன்னும் நான்கு மைலில் வறண்ட ஏரி வந்துவிடும், இதற்குப் பயந்தால் வீட்டுப் பக்கத்து லிவர்மோர் கோயில் பார்க்கிங்கில் ஓட்டியிருக்கலாமே என்றேன். மறுபடி அவன் குரல் வந்தது.

"சரிலே. அப்ப நான் வாறேன்."

பின்னால் வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். விடைபெறும்போது வாசலில் நின்று சொல்கிற வாறேனாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவன் குரலில் இருந்தது இரண்டாவது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பிரிவில் நான் நிற்கவில்லை. கண்ணாடியில் என் வண்டிப் புழுதி மட்டும் தெரிந்தது. ஏரிக்குப் போய்ப் படம் எடுத்தேன். சாண்ட்விச் தின்றேன்.

மூன்று மணிக்கு பங்குக்குத் திரும்பினேன். அவன் ஜீப் அங்கே இல்லை. கடைப் பெண்ணும் பார்க்கவில்லை என்றாள். 911-ஐ அழைத்தேன். அவர்கள் அவனைக் கண்டுபிடிக்க ஆறு மணி ஆயிற்று. தனியாகத் திரும்பியவன் தவறான பிரிவில் இறங்கி, ஓடை மணலில் அச்சு வரை புதைந்திருந்தான். ஜீப்பின் நிழலில் கிடந்தான். வேர்ப்பது நின்றுபோயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

போலீஸ்காரர், கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். "ஐ யாம் கமிங்" என்றேன். எழுதிக்கொண்டார். அவன் மனைவி கிருபாராணியிடமும் அதையே சொன்னேன். நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். சோபாவில் இளைத்துக் கிடந்தான். தான்தான் சொல்லாமல் திரும்பிவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தான். அவள் இரண்டாவது தடவையாக எனக்கு நன்றி சொன்னாள். காபி குடித்தேன். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் சொன்னேன்:

"சரிடா, வரேன்."

ரூஃபஸ் சிரிக்கவில்லை.

"இது எந்த வாறேன்லே?"

கிருபாராணி புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தாள். அவன் அவளுக்கு விளக்கப்போவதில்லை என்று தெரிந்தது. நான் ஷூவைக் கழற்றினேன்.

"கிருபா, கொஞ்சம் உட்காருங்க. அன்னைக்கு அவன் திரும்பிப் போறான்னு எனக்குத் தெரியும்" என்றேன்.