வெடித்த பின் முற்றும் விதை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை என்னுடையதில்லை, பக்கத்து வீட்டு அன்செல்மோவுக்கும் அவர் மனைவி ஜுரேமாவுக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் காபியோடு நின்று ஒட்டுக்கேட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாந்திகேரா மலைச்சரிவில் வசந்தத்தின் பொன்னொளி...

சீ! பொன்னொளியாவது மண்ணாங்கட்டியாவது. அங்கே இருந்தது பட்டுப்போன ஒரு மரம். அவர்கள் படுக்கையறைக் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. மழைக்கு முன் வெட்டியாக வேண்டும். அதைச் சுற்றி ஏறியிருக்கிறது ஒரு சுமாக்கொடி. காடு எரிந்த பிறகு இந்தச் சரிவில் மிஞ்சிய ஒரே கொடி. மரம் விழுந்தால் கொடியும் வேரோடு போகும்.

2

(இடைக்குறிப்பு: இவள், இந்தச் சுமாக்கொடி, வயலட் பூவின் சொந்தக்காரி என்றால் நம்புவீர்களா? தரையோடு கிடக்கும் அந்தச் சின்னச் செடியின் குடும்பத்தில் மரமேறும் ஒருத்தி! பற்றுக்கம்பி கிடையாது, உடம்பையே முறுக்கி ஏறுகிறாள். பூவின் முதுகில் தேனுக்கென்று ஒரு வால். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன், காயைத்தான் தாங்க முடியவில்லை. ஊதிய காகிதப் பை மாதிரிக் காய், விதை பச்சையாக இருக்கும்போதே மூன்றாகப் பிளந்துவிடுகிறது. பிறகு வெயிலில், காற்றில், எல்லார் கண்முன்னும் அம்மணமாக உட்கார்ந்து விதைகள் முற்றுகின்றன. அம்மாடி, என்ன துணிச்சல்!)

3

"காய் வெடிச்சாச்சுல்ல? பறிச்சுக்கோ. நான் ரம்பத்தை எடுக்கறேன்."

"போன வருஷமும் இப்படிச் சொல்லித்தான் பறிச்சேன். ஒண்ணாவது முளைச்சுதா? இது வெடிச்ச பிறகுதான் முத்தும், மனுஷா!"

"மரம் தலையில விழட்டும், அப்ப முத்தும்."

"கட்டிலத்தான் கூடத்துக்கு மாத்திட்டேனே."

"கூரையை? அதையும் மாத்துவியா? சுமா!"

அவர்கள் மொழியில் 'தொலைஞ்சு போ' என்று அர்த்தம். கொடியின் பேரும் அதுதான். திட்டு கொடிக்கா, பெண்டாட்டிக்கா? ஜுரேமா சிரித்துவிட்டாள். நானும் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

"நீ என்ன இளிக்கறே?" என்றார் அன்செல்மோ.

"எங்க மொழியில சும்மான்னு ஒண்ணு இருக்கு. காரணமே இல்லாம, ஒண்ணும் பண்ணாம இருக்கறது."

"அதுக்கு ஒரு வார்த்தை வேறயா! சோம்பேறி ஜனங்க."

4

முடிவு ஒன்று: காற்றடிக்கிறது. சிறகு வைத்த விதைகள் எரிந்த சரிவெங்கும் பறக்கின்றன. மறுநாள் மரம் மெல்ல... (அழகாயிருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: மழையில் மரம் சரிகிறது, கூரை... (எழுத மாட்டேன். என் அக்கம்பக்கத்து ஜனம்.)

5

இதை எழுதும்போதே மேற்கே கறுத்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். அன்செல்மோ ரம்பத்தைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, மரத்தை எதிர்ப்பக்கம் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். அதன் கீழேயே நாற்காலி போட்டு, பிளந்த காய்களை அண்ணாந்து பார்த்தபடி வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜுரேமா. விதைகள் இன்னும் பச்சை.

"அங்க என்ன பண்றீங்க? மழை வருது, எழுந்திருங்க!" என்று கத்தினேன்.

"சும்மா," என்றார் அன்செல்மோ. தமிழில்.

கதையும் பிளந்துவிட்டது. இப்போதே பறித்துவிடாதீர்கள். நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது.