ஏசுதாசின் கடைசி நோட்டு

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் நோட்டை விரித்துவைத்து, பேனாவை நூலால் ஸ்டூல் காலோடு கட்டிக்கொண்டிருந்தாள் ஸ்வீட்டி. பேனா காணாமல்போகாத வீடு தாராவியில் உண்டா?

நோட்டு அப்பாவின் ஜோல்னாப் பையில் கிடைத்தது. மேலே தமிழில் நாலு வரி. கீழே கோடு போட்டு மூன்று பத்தி. இந்தி மீடியத்தில் படித்தவள், முதல் இரண்டைத் தட்டுத் தடுமாறிக் கூட்டி வாசித்தாள்: பெயர், ஊர். மூன்றாவது நீளமாக இருந்ததால் விட்டுவிட்டாள். துக்கத்துக்கு வருகிறவர்கள் எழுத அப்பாவே நோட்டுப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். செய்யக்கூடிய ஆள்தான் ஏசுதாஸ்.

வந்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். எழுதிவிட்டு அவரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். ஊரில் ஓர் அரசியல் வழக்கில் இருபத்தெட்டு வருடமாக உள்ளே கிடக்கும் கணேசபாண்டியனை விடுவிக்க வேண்டும் என்று, முகம்கூடப் பார்த்திராத அந்த ஆளுக்காக, சந்து சந்தாகக் கையெழுத்துக் கேட்டு அலைந்தவர் அவர். ஊசி போட வந்த நர்ஸையும் விடவில்லை. கடைசியில் அவர் தலை தெரிந்தாலே சந்து காலியாகிவிடும்.

பதினொரு மணிக்கு மாஹிமிலிருந்து நஜிமுதீன் வந்தார். அப்பாவோடு சேர்ந்து அலைந்த ஒரே தோழர். பெட்டியருகில் நின்று அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இத யாரு இங்கே வச்சது?"

"நான்தான் மாமா. ஏன்?"

"இது மனும்மா. கணேசபாண்டியன் விடுதலை மனு. இத வாங்கிட்டுச் சாயங்கால வண்டியில நான் மெட்ராஸ் போகணும், நாளன்னைக்குக் குடுக்கணும். மூணாவது பத்தி, விடுதலை கேட்கும் காரணம். நம்ம ஆளுங்க மேல இருக்கறதப் படிக்காம எழுதியிருக்கறதப் பாரு. 'தங்கமான மனுசன்.' 'கர்த்தருக்குள் நித்திரை.' 'திடீர்னு போயிட்டாரே.'"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஸ்வீட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அப்பாவின் கடைசி நோட்டைத் தானே பாழாக்கிவிட்டாளே!

"எத்தன பேரு மாமா?"

அவர் பக்கம் பக்கமாக எண்ணினார். "நூத்தி எண்பத்தாறு."

அவள் நேரே வாசலுக்குப் போனாள்.

"எல்லாரும் கேளுங்க! மேரி கல்தி, என் தப்புதான். அது அப்பாவோட மனு. தெரியாம போட்டவங்க உங்க பேர அடிச்சிடுங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

முதலில் எழுந்தது கோழிக்கடை ஜோன்ஸ். ஏசுதாஸ் வருகிறார் என்றால் ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே ஒளிகிறவன். போச்சு, இனி ஒவ்வொருவராக அடிப்பார்கள் என்று ஸ்வீட்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

'திடீர்னு போயிட்டாரே'யை மட்டும் அடித்தான் ஜோன்ஸ். பக்கத்தில் 'இருபத்தெட்டு வருசம் போதும்' என்று எழுதினான்.

"அண்ணாச்சிட்ட எத்தன நாளைக்குத்தான் ஒளியறது?" என்றான்.

அவன் பின்னால் வரிசை நின்றது. இரண்டு பேர் பெயரை அடித்தார்கள், மற்றவர்கள் காரணத்தை மாற்றினார்கள். ஏசுதாஸ் மட்டும் அந்த வரிசையைப் பார்த்திருந்தால் சந்தோஷத்திலேயே செத்திருப்பார்.

வேன் வந்துவிட்டது. ஜெபம் முடிந்து பெட்டியை மூடும்போது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஏஞ்சலம்மாள் கையை நீட்டினாள்.

"ஏட்டி, அந்த நோட்ட இங்கன கொண்டா."

'எம் புருசன மொதல்ல எனக்கு விடுதல பண்ணுங்க, பொறவு போடுதேன்' என்று இத்தனை வருடமும் கையெழுத்துப் போட மறுத்தவள் அவள். நஜிமுதீன் அவளையே பார்த்தார்.

"அண்ணே, உள்ள கெடக்க அந்தப் பையனுக்குத் தாய் இருக்காளா?"

"இருக்காங்கம்மா."

அம்மா பெயர் எழுதினாள். ஊர் எழுதினாள். மூன்றாவது பத்தியிலும் ஏதோ எழுதி நோட்டை மகளிடம் கொடுத்தாள். ஸ்வீட்டி யாரையும் கேட்கவில்லை, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். வீ... ட்டு... க்கு...

'வீட்டுக்கு வரட்டும்' என்று அவள் வாசித்து முடிப்பதற்குள், அப்பாவை வாசல் தாண்டித் தூக்கிப் போய்விட்டார்கள்.