கூடத்துச் சுவரின் வெடிப்பு

அக்கா வீட்டைக் கட்டிக்கொடுத்த கொத்தனாரான தம்பி ஒரு மாதமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. கூடத்துச் சுவரெங்கும் மெல்லிய வெடிப்பு. "சிமெண்டக் குறைச்சுட்டான்" என்று அக்கா புருஷன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லியிருந்தார். பொறுக்கமாட்டாமல் அக்காவே ஒரு பெண் பொறியாளரை அழைத்து, தம்பியையும் வரவழைத்தாள்.

பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் பூச்சைப் பெயர்த்து விரலால் நுணுக்கினார்.

"சிமெண்ட் சரியாத்தான் இருக்கு. பூச்சு சீக்கிரம் காஞ்சு வெடிச்சிருக்கு. பூசினப்புறம் தண்ணி ஊத்தினது யாரு?"

"நான்தாங்க," என்றார் அக்கா புருஷன். "ஏழு நாள் ஊத்தச் சொன்னான். ரெண்டாம் நாளே இவளுக்கு வலி வந்துருச்சு. பாப்பா பொறந்த சந்தோஷத்துல சுவரு ஞாபகமே..." பாதியில் நிறுத்தித் தலையைச் சொறிந்தார். "மாப்ள, உனக்கு இது தெரியுமா?"

"வெடிப்பப் பாத்தப்பவே தெரியும் மச்சான்."

"வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"கைக்குழந்த மேல பழியப் போடச் சொல்றீங்களா?"

அக்கா சிரித்துக்கொண்டே குழந்தையைத் தம்பி கையில் கொடுத்தாள். அக்கா புருஷன் அதற்குள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தத் தடவை ஏழு நாளும் நகர மாட்டேன்."

"முதல்ல அவரு பூசட்டும் சார்," என்றார் பொறியாளர்.