வலை விட்ட பிறகு

டாக்டர் எஸ்தரின் மேசைமேல் நெத்திலிப் பொட்டலத்தை வைத்துவிட்டு பக்கிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மீன் கொடுத்தால் திட்டு குறையும் என்று யார் சொன்னார்களோ. பீடியை விட்டாயிற்று என்று மனைவி வசந்தியிடம் புளுகியிருந்தார். அந்த மனுஷி அதைக் கொட்டிவாக்கம் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு, இப்போது வெளியே பெஞ்சில் மீன்கூடையோடு பெருமையாக உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் வலை இழுக்கும்போது இருமல் முற்றி, மூச்சு கிடைக்காமல் படகிலேயே சுருண்டு விழுந்தவர். இன்னொரு முறை அப்படி ஆனால் கடலை மறந்துவிட வேண்டியதுதான். கடலுக்குப் போகாமல் இருப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"மருந்து ஒத்துக்கல டாக்டரம்மா," என்றார் கடைசியில். "பீடிய வுட நீங்க குடுத்த சூயிங்கத்த வெத்தல கணக்கா மென்னு சாற முழுங்கினேன். ஒரே விக்கல். படகுல சிரிக்கிறானுங்க. அப்பால பீடிய இழுத்துட்டேன். நேத்தும் இழுத்தேன்."

எஸ்தர் திட்டவில்லை. அதுதான் பக்கிரிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தப்பு என்னுது. மெல்லுங்கன்னு சொன்னேன், எப்படின்னு காட்டல. முதல் பீடி எப்ப?"

"வலை வுட்டதும். எங்கூட படகுல வர்ற வடிவேலு பத்த வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு எங்கிட்ட குடுப்பான். இருவது வருசமா அப்டித்தான். வாணாம்னா அவன் மூஞ்சி இன்னா ஆவும்?"

எஸ்தர் ஒரு சூயிங்கம் வில்லையை எடுத்து நீட்டினார். "மெதுவா நாலஞ்சு கடி. சுருக்குனு காரம் வந்ததும் கன்னத்துல ஒதுக்கிட்டு சும்மா இருங்க. வலை விட்டுட்டு காத்திருப்பீங்கல்ல, அதே மாதிரி. காரம் போனா திரும்பக் கடிங்க."

பக்கிரி கடித்தார், ஒதுக்கினார். வெளியே காத்திருந்த கூட்டம் முணுமுணுத்தது. எஸ்தர் அவசரப்படுத்தாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். விக்கல் வரவில்லை.

"வசந்திகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வடிவேலுவையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்குப் போகிற வழியில் வசந்தியிடம் உண்மையைச் சொன்னார். வசந்தி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

"உன் சட்டைய தொவைக்கிறது நாந்தானே. எனக்குத் தெரியாதா?" என்றாள். "தெரிஞ்சேதான் ஊரெல்லாம் சொன்னேன். அப்பவாச்சும் நீ வுடுவேன்னு."

பக்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் வலை இறங்கியது. வடிவேலு பீடியைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பார்க்காமலே கையை நீட்டினான். பக்கிரி உப்பியிருந்த கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"டாக்டரம்மா உன்னியும் இட்டுக்கினு வரச் சொன்னாங்க."

வடிவேலு நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் விரலிடுக்கில் பீடி தானாகச் சாம்பலாகிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் மிதவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.