தையல்காரம்மா விரலில் வைத்த மை

பூட்டு என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பார். அப்படி வந்த பேர். பாதி ஆயுசு லாரிப் பட்டறையில் போயிற்று. எண்ணெய் மாற்றாமலே மாற்றினேன் என்கிறவன், பழைய சாமானுக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசென்று தலையில் கட்டுகிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. எவன் எதைச் சொன்னாலும் "உனக்கு எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

வார்டு தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் உதவ விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று நூலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பூட்டு முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தார். சேவை செய்கிற எண்ணமெல்லாம் கிடையாது. கள்ள ஓட்டுப் போடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். யாரையும் நம்பாத மனுஷனை நம்பி மை பாட்டிலைக் கொடுக்கிறார்களே, அவர்களுக்கு நல்ல தைரியம்தான் என்றாள் மனைவி.

பயிற்சியில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதலில் பட்டியலில் பேர் பார்க்க வேண்டும். பேர் இருந்தால் மை. மை வைத்த பிறகு சீட்டு. வரிசை மாறக் கூடாது. பூட்டு கேட்டது ஒரே கேள்வி. விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தால் மை ஒட்டுமா? அதிகாரி சிரித்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டு வையுங்கள் என்றார்.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில், எதிரெதிராக இரண்டு அறைகள். பூட்டுக்கு இடப்பக்க அறை. சட்டையில் அட்டை குத்திக்கொண்டு, குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வருகிற விரலையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார். மதியம் பேர் பார்க்கிற டீச்சர் சாப்பிடக் கிளம்பினாள். தான் வருகிற வரைக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அறையில் வேறு ஆள் இல்லை.

அப்போது கீழத்தெருத் தையல்காரம்மா வந்தாள். பூட்டு வீட்டுத் துணியெல்லாம் அவள்தான் தைப்பது. மழை வந்தால் கீழத்தெருவில் சாக்கடைத் தண்ணீர் அடுப்படிக்குள் வரும். அதற்காக வருஷக்கணக்காய் அலைகிறவள். இந்தத் தடவை சாக்கடையைக் கட்டித் தருகிறேன் என்ற பஸ் டிரைவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். காலையிலிருந்து மற்றவர்களை அனுப்பிவிட்டு, தன் ஓட்டுக்குக் கடைசியாக வந்திருந்தாள்.

விரலை நீட்டினாள். விரல் பளபளத்தது. தையல் மிஷின் எண்ணெய். பூட்டுக்கு மூளைக்குள் மணி அடித்தது. டீச்சர் வருவதற்குள் இவள் நழுவிவிட்டால்? துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். நகத்திலிருந்து கணு வரைக்கும் மையை இழுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எந்தத் தெருவுக்கு எந்த அறை என்று சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். கீழத்தெருவுக்கு எதிர் அறை.

அங்கே போகச் சொன்னார். மை எந்த அறையில் வைத்தால் என்ன, மைதானே என்று நினைத்தார்.

எதிர் அறையில் முதலில் விரலைத்தான் பார்த்தார்கள். சத்தம் கேட்டது. அதிகாரி அவளை இந்த அறை வாசலுக்குக் கூட்டி வந்தார். அதற்குள் டீச்சரும் வந்துவிட்டாள், பின்னால் ஒரு வரிசையும் சேர்ந்துவிட்டது. இவங்களுக்கு இங்கே மை வைத்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

வைத்தேன் என்றால் அத்தனை பேர் முன்னால் அட்டையைக் கழற்றிவிடுவார்கள். திருடனைப் பிடிக்க வந்தவன் தலை குனிந்து வெளியே போக வேண்டும்.

"பேரு பார்க்காம நான் யாருக்கும் மை வெக்கிறதில்லைங்க."

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

பூட்டு பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இந்த அறைப் பட்டியலில் அவள் பேர் கிடையாது. அப்படியென்றால் வேறெங்கோ போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவாயிற்று. வம்பு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பஸ் டிரைவர் மண்ணைக் கவ்வினார். எக்கச்சக்க வித்தியாசம். ஒரு ஓட்டு விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று பூட்டு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தைத்த துணியை வாங்கப் போன மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அந்தம்மாவுக்கு ரெண்டு ஓட்டுன்னு பேரு வெச்சிட்டாங்கங்க. சின்னப் பசங்ககூட அப்படித்தான் கூப்பிடுதுங்க."

பூட்டு தட்டைத் தள்ளி வைத்தார். பட்டப்பேர் எப்படி ஒட்டும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தபால்காரரே அவரைப் பூட்டு என்றுதான் கூப்பிடுகிறார். அன்றிலிருந்து தையல் கடை வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போனார். ஒரு ஓட்டுத் திருடன் மாட்ட மாட்டானா என்று போனவர், வாக்குச்சாவடியிலேயே ஒரே திருடன் தான்தான் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

வார்டு கூட்டம் நூலக அறையில் நடந்தது. ஜெயித்த பெயிண்ட் கடைக்காரர் நடு நாற்காலியில். பூட்டு கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தார். சாக்கடை விஷயம் வந்ததும் தையல்காரம்மா எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள் மளிகைக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"ஒருத்தர் பேசுறீங்களா, ரெண்டு பேர் பேசுறீங்களாம்மா?"

அறையே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பெயிண்ட் கடைக்காரர் அடுத்து தெருவிளக்குக்குப் போனார். கீழத்தெரு அடுப்படியில் தண்ணீர் வருகிற பேச்சு அத்தோடு முடிந்தது.

பூட்டு எழுந்தார்.

"அந்த மையை வெச்சது நான். பேரு பார்க்காம வெச்சேன். கேட்டப்போ பொய் சொன்னேன். அவங்க ஓட்டே போடல."

மளிகைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தாங்க, பூட்டண்ணே?"

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. வாழ்நாளெல்லாம் ஊரைப் பார்த்துப் பூட்டு கேட்ட கேள்வி. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து தையல்காரம்மா படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பூட்டு பக்கத்தில் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னைக்கு ஒரு வார்த்தை போதும் அண்ணே. இன்னைக்கு ஊர் பூரா சொன்னாலும் பத்தாது."

"சொல்றேம்மா."

"சாக்கடைக்குக் கையெழுத்து வாங்கணும். கீழத்தெருவை நான் பார்த்துக்கிறேன். மேலத்தெருவுக்கு நீங்க போங்க. ஒவ்வொரு வாசல்லயும் முதல்ல மையைச் சொல்லுங்க. அவங்க நம்பினா சாக்கடையைச் சொல்லுங்க. வரிசை மாறக் கூடாது."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவைப் பூட்டி, இழுத்துப் பார்க்க மறந்து, கையெழுத்து வாங்குகிற தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் வாசல் மளிகைக்கடை. கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும் கை நீட்டினார்.

"குடுங்கண்ணே, போட்டுத் தொலைக்கிறேன். என் கடைக்குள்ளயும் நாத்தம் வருது."

பூட்டு தாளைக் கொடுக்கவில்லை.

"முதல்ல அந்த மையைப் பத்திச் சொல்லணும்."

"அதான் நேத்தே சொன்னீங்களே."

"நேத்து நீ நம்பல."

கடைக்காரர் தராசைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பின்னால் இரண்டு பெண்கள் பையோடு வந்து நின்றார்கள். பூட்டு அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, எண்ணெய் பளபளத்த விரலிலிருந்து ஆரம்பித்தார்.